எண் மட்டுமே இருந்த கப்பல்

அகாத்தா கறுப்பு உடையில்தான் வந்தாள். ஜூன் மாத வெயிலுக்கு அது அதிகம். ஆனால் மகன் போனதிலிருந்து அவளுக்கு வேறு நிறம் கிடையாது. பிறகு கணவர் போனார். போன பிப்ரவரியில் மகளும் போய்விட்டாள். மூன்று சாவுக்கும் அந்த ஒரே கறுப்பு போதுமானதாக இருந்தது.

"பஸ்ஸுல வந்ததுக்கே குடல் வாய்க்கு வந்துடுச்சு. இதுக்கு மேல கப்பல் வேறயா?" என்றாள் துறைமுக வாசலில் நின்று.

"நீங்கதானேம்மா வரணும்னு சொன்னீங்க."

"வரணும்னு சொன்னேன். இந்த பஸ்ஸுலதான் வரணும்னா சொன்னேன்?"

ரே ஹுதாக் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். மாமியாரிடம் வாயைக் கொடுத்தால் மீள முடியாது என்று மனைவி ஜோசி இருந்தபோதே அவன் கற்றுக்கொண்ட பாடம். ஜோசி போனபின் நியூஜெர்சியின் பெர்த் ஆம்பாயில் அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அவள் சமைப்பாள், அவன் சாப்பிடுவான். அவள் சிசிலிக்காரி, அவன் ஸ்லோவாக் வீட்டுப் பையன். இங்கிலீஷில் சமாளித்தாலும், நடுவில் மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இல்லாததால் பல இரவுகள் பேச்சே இல்லாமல் கழிந்தன.

வெள்ளையும் பச்சையுமாக வண்ணம் பூசிய படகு துறையில் கட்டியிருந்தது. நியூயார்க் தீவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டும் உல்லாசப் படகு. மேல்தளம் முழுக்க நாற்காலிகள். ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு துள்ளல் பாட்டு.

"இதுவா?" என்றாள் அகாத்தா.

"இதுதான்மா."

"இவ்வளவு சின்னதா?"

"இருநூறு சிப்பாய்ங்கள அடைச்சு ஏத்திக்கிட்டுப் போவோம், இதுல."

அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, மாதா கோவிலுக்குள் நுழைகிறவளைப் போல, வலது காலைப் பார்த்து எடுத்து வைத்து ஏறினாள்.

நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களின் நாளில், அவர்கள் தெருவே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். அகாத்தாவும் போவாள். கணவருக்கு ஒரு கட்டு செவ்வந்தி. இனி மகளுக்கும் ஒரு கட்டு. மகன் நூன்சியோவுக்கு மட்டும் கொண்டுபோய் வைக்க இடமில்லை. பிலிப்பைன்ஸில், லிங்காயென் விரிகுடாவில் போரில் அவன் செத்த அன்று மாலையே கித்தான் துணியில் தைத்து, காலடியில் கனத்தைக் கட்டி, கடலில் இறக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தது மடித்த கொடி ஒன்று. ஒவ்வொரு வருஷமும் கல்லறையிலிருந்து திரும்பி வரும் வழியில் அவள் ரேயிடம் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"என் பையன் எங்கடா இருக்கான்?"

"கடல்லம்மா."

"கடல்னா எங்க? அதெல்லாம் ஒரு இடமா?"

கடல் ஒரு இடமில்லை என்பது அவனுக்கும் தெரியும். இருந்த ஒரே இடம் அவனும் நூன்சியோவும் ஒன்றாகப் போன அந்தக் கப்பல்தான். போர் முடிந்ததும் அதையும் கடற்படை விற்றுத் தள்ளிவிட்டது.

அந்த வகைக் கப்பலுக்குப் பெயர் வைக்கும் வழக்கமே இல்லை. எண்தான். ஆயிரத்து நூற்று இருபத்தொன்று என்று முகப்பில் எழுதியிருக்கும். அவர்கள் 'இருபத்தொண்ணு' என்பார்கள். தட்டை அடி. அலை இல்லாத நாளிலும் தொட்டில் மாதிரி ஆடும். கரை மணலில் நேராக ஓட்டி முட்டவைக்க வேண்டும். இரண்டு பக்கமும் படிப்பலகை இறங்கும். சிப்பாய்கள் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்குவார்கள். பிறகு வரும்போதே பின்னால் போட்டுவிட்டு வந்த நங்கூரத்தின் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டித் தன்னைத்தானே மணலிலிருந்து இழுத்துக்கொள்ள வேண்டும். நியூஜெர்சியில் பிறந்து, பனாமா தாண்டி, நியூகினியின் கரைகளில் எத்தனையோ முறை முட்டி, லெய்ட்டே போய், கடைசியில் லிங்காயென். ரே கீழே எஞ்சின்காரன். நான்கு நான்காகக் கோத்த எட்டு டீசல் எஞ்சின்கள் காதில் ஊளையிடும். நூன்சியோ மேலே சமையல்காரன். எஞ்சின் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஓர் இரும்புத் தட்டுதான். மேலிருந்து குறடால் மூன்று தட்டு தட்டினால் காபி தயார் என்று அர்த்தம்.

போன மாதம் ரேயின் பட்டறையிலிருந்து ஒரு தண்ணீர் பம்பைப் பழுதுபார்க்க அவனை இந்தத் துறைக்கு அனுப்பினார்கள். படகு எஞ்சினைக் கிளப்பியது. எட்டு எஞ்சின்கள். அந்த ஊளை. ரே கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

மேலே வந்து, கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த ஆளைக் கேட்டான். டூகன் என்று பெயர். பயணிகளுக்கு ஒலிபெருக்கியில் ஊரை விவரிக்கிறவன்.

"இது போர்க் காலத்துக் கப்பல்தானே? எண் என்ன தெரியுமா?"

"உங்க எண் என்னண்ணே?" என்றான் டூகன்.

ரே சொன்னான்.

டூகன் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகு கம்பியை உள்ளங்கையால் தட்டினான். "அவளேதான், அண்ணே!"

ரே ஒரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்துவிட்டான். பதினோரு வருஷமாக யாரிடமும் சொல்லாததையெல்லாம் அந்த முன்பின் தெரியாத ஆளிடம் சொன்னான். எஞ்சின் அறைச் சுவரில் கப்பலின் எண்ணையும் கட்டிய இடத்தையும் சொல்லும் பித்தளைத் தகடு இருந்தது, நாலைந்து பூச்சு வண்ணத்துக்கு அடியில். அதைச் சுரண்டிப் பார்க்க அவன் சட்டைப்பையில் திருப்புளியும் இருந்தது. அவன் சுரண்டவில்லை.

இன்று படகு கிளம்பியது. ரே அகாத்தாவை நடுத்தளத்துக்குக் கூட்டிப்போனான். சமையலறை இருந்த இடத்தில் இப்போது சிற்றுண்டிக் கடை. சாசேஜ் ரொட்டி, சோடா, வறுவல். வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள்.

"இங்கதான்மா. இந்தச் சுவரு ஓரம்."

அகாத்தா வரிசையை விலக்கிக்கொண்டு போய்ச் சுவரில் கையை வைத்தாள். கண்ணை மூடினாள். உதடு அசைந்தது.

"பாட்டி, வரிசையில வாங்க," என்றான் பின்னால் ஒருவன்.

"அவங்க ஒண்ணும் வாங்க வரல," என்றான் ரே.

"வாங்காதவங்க எதுக்கு இங்க மறிச்சுக்கிட்டு நிக்கணும்?"

கடைக்காரன் தலையை நீட்டினான். "அம்மா, ஏதாவது வேணும்னா சொல்லுங்க. இல்லன்னா வழி விடுங்க. பசியில இருக்கறவங்க அடிச்சுக்குவாங்க."

அகாத்தா கண்ணைத் திறந்தாள். "ஒண்ணு கொடு," என்றாள்.

"கடுகு போடட்டுமா?"

"போடு."

"வெங்காயம்?"

"அதையும் போடு. மெதுவாப் போடு, அவசரமில்ல."

அவன் ரொட்டியைப் பிளந்து, கடுகு தடவி, வெங்காயத்தை அள்ளி வைத்து முடிக்கும்வரை அவள் இடது கை சுவரிலேயே இருந்தது. வாங்கிய ரொட்டியை அவள் சாப்பிடவில்லை. காகிதத்தோடு பையில் வைத்துக்கொண்டாள்.

மேல்தளத்தில் உட்கார இடம் கிடைத்தது. சுதந்திர தேவி சிலை வந்தது, போனது. டூகனின் குரல் ஒலிபெருக்கியில் வழிந்தது. "இடது பக்கம் பாருங்க, அந்தம்மா எழுபது வருஷமா ஒரே கையத் தூக்கிட்டு நிக்கிறாங்க. என் பொண்டாட்டியால ஏழு நிமிஷம் கூடச் சும்மா நிக்க முடியாது." ஜனம் சிரித்தது. அகாத்தாவும் கொஞ்சம் சிரித்தாள். அவள் முகம் தெளிந்திருந்ததை ரே பார்த்தான். பிப்ரவரிக்குப் பிறகு முதல்முறை. நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்துக்கொண்டான்.

கிழக்கு ஆற்றில், பாலங்களுக்கு அடியில் பார்க்க எதுவும் இல்லாத ஓர் இடைவெளி வந்தது. டூகன் தொண்டையைச் செருமினான்.

"சரி மக்களே, நீங்க உக்காந்திருக்கிற இந்தப் படகு யாருன்னு தெரியுமா? போர்வீரி! தொப்பியக் கழட்டுங்க. நார்மண்டி கரையில மொத நாளே போய் முட்டினவ இவ."

ரே நிமிர்ந்தான்.

"அதுக்கு முன்னாடி சிசிலி..."

"சிசிலிக்கா?" அகாத்தா திரும்பினாள். "எங்க ஊருக்கா போச்சு? பசிபிக்ல மட்டும்தான் இருந்தோம்னு சொன்னியே, ரைமுன்னு?" அவன் பெயர் அவள் வாயில் அப்படித்தான் வரும்.

"அவன் உளர்றான்மா."

ரே டூகனைத் திரும்பிப் பார்த்தான். ஓகையோவிலிருந்து ஒருவன் வந்து கேட்டிருப்பான், உங்க எண் என்னண்ணே என்று டூகன் திருப்பிக் கேட்டிருப்பான். இன்னொருவன் டெக்சாஸிலிருந்து. எல்லாக் கப்பலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒவ்வொருவனுக்கும் இது தன்னுடையதாக இருக்க வேண்டும். அவளேதான் அண்ணே என்று இவன் கம்பியைத் தட்டியிருப்பான். அவர்கள் விட்டுப்போன கதைகளையெல்லாம் ஒன்றாகத் தைத்து இந்தப் படகுக்கு ஒரு சரித்திரம் செய்து வைத்திருக்கிறான். ஒரே கோடையில் உலகத்தின் இரண்டு பக்கமும் போர் செய்த கப்பல்.

அடுத்து என்ன வரும் என்பது அவனுக்குப் புரிந்தது. எழுந்தான். டூகன் நின்ற மேடை கூட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"அப்புறம் பிலிப்பைன்ஸ், லிங்காயென்," என்றது ஒலிபெருக்கி. "இந்தப் படகோட சமையல்காரன், சின்ன வயசுப் பையன், கையில காபிப் பானையோட நின்னுட்டிருந்தான். குண்டுச் சிதறல் நெஞ்சுல பாய்ஞ்சுது. உடனே சாகல மக்களே. அரை மணி நேரம், கூட்டாளி மடியில படுத்துக்கிட்டு, காதலி பேரையே சொல்லிக்கிட்டிருந்தான். ஷார்லட், ஷார்லட்னு. கடைசி மூச்சு வரைக்கும் ஷார்லட். எங்க இருக்காளோ அந்தப் பொண்ணு... சரி, இப்ப இடது பக்கம் பாருங்க, ஐக்கிய நாடுகள் கட்டடம், அத்தனையும் கண்ணாடி!"

ஜனம் இடது பக்கம் திரும்பியது. புகைப்படக் கருவிகள் எழுந்தன. அகாத்தா மட்டும் திரும்பவில்லை.

"உக்காரு," என்றாள்.

அவன் உட்கார்ந்தான்.

"தூக்கத்துல போன மாதிரி ஒரு நொடில போயிட்டான்னு சொன்ன. என் வீட்டுச் சமையலறையில உக்காந்து, என் கையால காபி வாங்கிக் குடிச்சுட்டுச் சொன்ன."

"ஆமாம்மா."

"அரை மணி நேரமா?"

"இருக்கும்."

"ஷார்லட் யாரு?"

"தெரியலம்மா. சத்தியமாத் தெரியல. இங்க கார்மெலாவுக்கு மோதிரம் போட்டுட்டு வந்திருந்தான். அதனாலதான் நான் உங்ககிட்ட எதுவும் சொல்லல. கார்மெலா காதுக்குப் போனா அவ என்ன ஆவா? ஊருக்குத் திரும்பினதும் நானும் தேடிப் பார்த்தேன். எந்த ஷார்லட்டும் கிடைக்கல."

உண்மையில் அவன் அந்தப் பெண்ணுக்காக நூன்சியோவின் மேல் சில வருஷம் கோபமாகக்கூட இருந்தான். கார்மெலா வேறொருவனைக் கட்டிக்கொண்ட அன்றுதான் அது தணிந்தது. அதை அவன் சொல்லவில்லை.

"என் பையனுக்கு ஷார்லட்டுன்னு எவளும் கிடையாது," என்றாள் அகாத்தா. "அவன் மூஞ்சியப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிருக்கும். அவன் சொன்ன மாதிரியே சொல்லு. உன் வாயால வேண்டாம். அவன் வாயில எப்படி வந்துச்சோ, அப்படிச் சொல்லு."

ரே கண்ணை மூடினான். தேட வேண்டியிருக்கவில்லை, அந்தச் சத்தம் அவனுக்குள் பிசகாமல் இருந்தது.

"ஷாத்து," என்றான். "ஷாத்து... ஷாத்துன்னு. வாயில ரத்தம் வேற. பேரு முழுசா வரலன்னு நெனச்சோம்."

அகாத்தா தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கறுப்புத் தலைத்துணி மட்டும்தான் தெரிந்தது. நிமிர்ந்தபோது கண்ணில் நீர் இல்லை.

"அது பேரு இல்லடா, மடையா. எங்க பேச்சுல மூச்சுக்கு அதுதான் வார்த்தை. ஷாத்து. மூச்சு."

படகு ஒரு பாலத்தின் நிழலுக்குள் போய் வெளியே வந்தது.

"ஒரு சிசிலிக்காரன்கூட இல்லையா உங்க கப்பல்ல?"

"இல்லம்மா. போலந்துக்காரன், ஐரிஷ்காரன், மினசோட்டாக்காரன். நூன்சியோ மட்டும்தான்."

"அவனோட இங்கிலீஷ் எங்க போச்சு?"

"தெரியல."

"எனக்குத் தெரியும். முடியாதப்ப எதுல பேசுவான்? வீட்டுல பேசுறதுலதான் பேசுவான்."

ரே தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அரை மணி நேரம் திரும்பத் திரும்ப வந்தது. ஷார்லட் வருவாடா என்று அவன் நூன்சியோவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஷார்லட்டுக்கு நான் எழுதறேன், ஷார்லட் நல்லா இருக்கா, கவலைப்படாத. நூன்சியோ தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். ஆமாம் என்கிறான் என்று ரே எடுத்துக்கொண்டான்.

"உக்கார வச்சியா?" என்றாள் அகாத்தா.

"என்னம்மா?"

"நெஞ்சுல அடிபட்டவன, மூச்சுக்குத் தவிக்கிறவன, நிமித்தி உக்கார வச்சியா?"

"இல்ல. படுக்க வச்சிருந்தேன். அசைக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. வைத்தியம் பாக்குற ஆளு கரையில இருந்தான்." ரே கைகளைத் தொடையில் அழுத்திக்கொண்டான். "மூச்சுன்னு புரிஞ்சிருந்தா உக்கார வச்சிருப்பேம்மா."

உட்கார வைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்றும் அவள் சொல்லவில்லை, பிழைத்திருக்க மாட்டான் என்றும் சொல்லவில்லை. ஆறு ஒடுங்கியது. இரு கரையிலும் நிலக்கரிக் குவியல்கள், குப்பைத் தோணிகள், துவைத்துக் காயப்போட்ட துணிகள். டூகன் ஒரு விளையாட்டு மைதானத்தைக் காட்டி ஏதோ சொன்னான்.

மைதானம் கடந்ததும் ரே கேட்டான். "உங்க ஊர்ல அந்தச் சொல்ல வேற எதுக்காவது சொல்வாங்களா? யாரையாவது கூப்பிட?"

"சொல்வோம். புள்ளைங்கள. ஷாத்து மியு. என் மூச்சேன்னு."

"நீங்க அவனை..."

"அவன மட்டும்தான். தந்தி வந்த அன்னையோட அந்தச் சொல்ல விட்டுட்டேன். ஜோசியக்கூட அப்புறம் அப்படிக் கூப்பிடல. அவளுக்கு அது குறைதான்."

"அப்ப அவன் உங்களத்தாம்மா..."

"வேண்டாம்." கையை உயர்த்தினாள். "பூ வைக்காத. போதும். பதினோரு வருஷம் தூக்கத்துல போனான்னு ஒரு பூ வச்ச. மூச்சு முட்டினவன் மூச்சுன்னு சொன்னான். அவ்வளவுதான்."

ரேயிடம் இன்னொன்று பாக்கி இருந்தது. இதையும் இப்போதே சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது.

"மா, இது எங்க கப்பல் இல்ல."

"தெரியும்."

"எனக்கு இப்பதான் தெரிஞ்சுது. அவன் எல்லாருக்கும் இதேதான்னு சொல்லியிருக்கான்."

"சிசிலின்னதுமே தெரிஞ்சுபோச்சு. ஊர்ல உள்ள எல்லாருக்கும் ஒரே கப்பல்." பையைத் திறந்து அந்த ரொட்டியைப் பார்த்தாள். கடுகு காகிதத்தில் ஊறியிருந்தது. "யாரோ ஒருத்தன் கடைச் சுவத்துல கைய வச்சு வேண்டிக்கிட்டேன். பரவாயில்ல. அங்கயும் யாரோட பையனாவது செத்திருப்பான்."

"அந்த டூகன்கிட்ட போய் இனிமே இதச் சொல்லாதன்னு சொல்லிட்டு வர்றேன்."

"போய்ச் சொல்லு. அடிக்காத."

ரே போனான். டூகன் மைக்கை அணைத்துவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். ரேயைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பின்னால் கறுப்பில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் அப்படியே வாடிவிட்டது.

"அந்தப் பையனோட அம்மாவா?"

"ஆமா."

"ஐயோ, அண்ணே! கூட்டிட்டு வருவேன்னு சொல்லவே இல்லையே நீங்க."

"எதுக்குப் பொய் சொன்ன?"

டூகன் சிகரெட்டைத் தண்ணீரில் எறிந்தான். "வர்றவங்க மூஞ்சிய நீங்க பார்த்ததில்ல. கெஞ்சுற மூஞ்சி. உங்க கப்பல பழைய இரும்புக்கு வெட்டிட்டாங்கன்னு அந்த மூஞ்சியப் பார்த்து எப்படிண்ணே சொல்றது? மொத ஆளுக்கு ஆமான்னேன். அப்புறம் நிறுத்தத் தெரியல."

"அந்தப் பையன் கதைய விட்டுடு."

"விட்டுடறேன். இன்னிக்கே."

ரே தலையசைத்துவிட்டுத் திரும்பினான்.

படகு வளைந்து மறுபடி பெரிய ஆற்றுக்குள் வந்திருந்தது. காற்று அடித்தது. அகாத்தா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்ததும், எதிர்க் கரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உன் மடியிலன்னு சொன்னானே. அது நிஜமா, இல்ல அதையும் அவனாச் சேத்தானா?"

"நிஜம்."

"தலை எங்க இருந்துச்சு?"

ரேக்கு முதலில் புரியவில்லை. பிறகு தன் இடது முன்கையைக் காட்டினான், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே. "இங்க. நெத்தி இந்தப் பக்கம்."

அவள் அந்த இடத்தைப் பிடித்தாள். சட்டைக் கைக்கு மேலேயே, பேருந்தில் கம்பியைப் பிடிப்பது போல, இறுக்கிப் பிடித்தாள். அவள் விரல்கள் குளிர்ந்து கிடந்தன. வலித்தது. அவன் கையை அசைக்கவில்லை. மன்னித்துவிட்டாளா என்று அவள் முகத்தைப் பார்த்தான். அங்கே அப்படி எதுவும் இல்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கடைச் சுவரோரம் நின்றபோது அசைந்த அதே மாதிரி.

படகு துறையில் இடித்து நின்றது. எட்டு எஞ்சின்களும் ஒவ்வொன்றாக அடங்கின. டூகன் எல்லோருக்கும் நன்றி சொன்னான், சுருக்கமாக. நாற்காலிகள் நகர்ந்தன, ஜனம் படியை நோக்கி நெருக்கியடித்துக்கொண்டு போனது.

"மா, எறங்கலாமா?"

"எல்லாரும் எறங்கட்டும்," என்றாள் அகாத்தா. பிடியை விடவில்லை.